குழந்தைகள் மர மேசையில் பலகை பொருத்துதல்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நான்கு கால், சுற்றிலும் ஒரு சட்டம், மேலே ஒரு பிளைவுட், பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் ஓர் எழுதுபலகை. மூன்று வயது முதல் எட்டு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கான மேசை பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனாலும் பெரியவர்கள் மேசையைவிட இதில்தான் பலகை சீக்கிரம் ஆடத் தொடங்குகிறது. பெரியவர் மேசையில் சுமை மேலிருந்து நேராகக் கீழே இறங்கும். ஸ்க்ரூவுக்கு அங்கே அதிக வேலை இல்லை. பிள்ளை அப்படியில்லை. விளிம்பில் வயிற்றை வைத்துத் தொங்கும், மேசையை இழுத்துக்கொண்டு அறை மாற்றும், மேலே ஏறி நிற்கும், எழுதுபலகையைப் பிடித்து எழுந்திருக்கும். இந்த விசை ஒவ்வொன்றும் பலகையைச் சட்டத்திலிருந்து பிடுங்கப் பார்க்கிறது, அல்லது பக்கவாட்டில் தள்ளுகிறது. எனவே இங்கே பலகையின் கனத்தைவிட முக்கியமானது ஸ்க்ரூ போகும் துளை.

கீழே உள்ள அளவுகள் 90 × 60 செ.மீ. மேற்பலகை, 20 மி.மீ. கனமுள்ள தேக்கு அல்லது ரப்பர் மரச் சட்டம், சட்டத்தின் உள்பக்கம் மேல்விளிம்போடு சமமாக அடித்த 20 × 25 மி.மீ. ரீப்பர் என்னும் மெல்லிய மரப்பட்டை (20 மி.மீ. முகம் சட்டத்தோடு, 25 மி.மீ. முகம் பலகையோடு; உயரம் 20 மி.மீ.) என்ற அமைப்புக்கானவை. ஸ்க்ரூ கீழிருந்து ரீப்பர் வழியாகப் பலகைக்குள் ஏறுகிறது. உங்கள் மேசை வேறு அளவென்றால் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

கையில் இருக்க வேண்டியவை: டிரில், 2, 2.5, 3, 4, 4.5, 8 மி.மீ. பிட்டுகள், ஸ்க்ரூ தலை அமரக் குழி போடும் கவுண்டர்சிங்க் பிட், கை ஸ்க்ரூ டிரைவர், மூலைமட்டம், ஸ்டீல் ஸ்கேல், இரண்டு சி கிளாம்ப், மரத்துக்கான வெள்ளைப் பசை, ஒரு துண்டு மெழுகுவர்த்தி. கடைசி இறுக்கம் எப்போதும் கையால்தான். டிரில்லின் வேகத்தில் துளைக்குள் மர நார் அறுந்துபோனது தெரியவே தெரியாது. கையில் பிடித்த டிரைவரில் அது உடனே தெரியும்.

பலகை ஆடுகிறது

ஆடுவது பலகைதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். மேசையைச் சமதரையில் வைத்து, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பலகையின் விளிம்பை மேலே தூக்கிப் பாருங்கள். பலகை மட்டும் எழும்பிச் சட்டம் அசையாமல் இருந்தால் கோளாறு ஸ்க்ரூவில். பலகையும் சட்டமும் ஒன்றாக எழும்பி, காலோடு சட்டம் சேரும் மூட்டில் கோடு திறந்தால், கோளாறு கால் மூட்டில். அந்த நிலையில் பலகை ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. இறுக்க இறுக்கப் பலகையின் துளைதான் கெடும். மூட்டைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பசை போட்டு, கிளாம்ப் மாட்டி ஒரு நாள் விட வேண்டும்.

பலகைதான் ஆடுகிறது என்றால் ஸ்க்ரூக்களை எண்ணுங்கள். 90 × 60 பலகைக்கு நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் மூன்று, அகலப் பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக மொத்தம் 10 வேண்டும். நான்கு மூலையில் நான்கு மட்டும் போட்டுக் கொடுத்த மேசைகள் நிறைய. மூலைகள் இறுகியிருந்தாலும் நடுவிளிம்பில் பிள்ளை கைவைத்து அழுத்தும்போது பலகை மேலும் கீழும் வளைந்து, அந்த அசைவு மூலைத் துளைகளைத் தளர்த்திவிடும். இடையில் புது ஸ்க்ரூ சேர்த்தால் போதும்.

பலகை 12 மி.மீ. ஆக இருந்து, 90 செ.மீ. நீளத்துக்கும் நடுவில் தாங்கல் இல்லை என்றால், ஆட்டம் போலத் தெரிவது உண்மையில் வளைவுதான். நடுவில் குறுக்குச் சட்டம் ஒன்று போட்டால் பலகை 45 செ.மீ. இடைவெளியில் தாங்கப்படும், வளைவு நின்றுவிடும். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு இந்த அளவு மேசையில் பொதுவாக அது தேவைப்படாது.

ஆட்டம் எதுவும் இல்லை, "கிரீச்" என்று சத்தம் மட்டும் வருகிறதா? பலகை சட்டத்தின் மேல்விளிம்பில் உரசுகிறது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, உரசும் இடத்தில் மெழுகைத் தேய்த்துத் திரும்ப இறுக்குங்கள்.

ஸ்க்ரூ முழுதாக இறங்கிவிட்டது, ஆனாலும் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி

அதிகம் காணப்படும் பிழை இதுதான். இரண்டு மரத்திலும் ஒரே அளவுத் துளை போட்டதால், அல்லது துளையே போடாமல் முடுக்கியதால் வருவது. ஸ்க்ரூவின் மரை முதல் மரத்தையும் பிடிக்கிறது, இரண்டாம் மரத்தையும் பிடிக்கிறது. முடுக்கத் தொடங்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லி இடைவெளி இருந்தால், அந்த ஒரு மில்லி அப்படியே பூட்டப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு திருகினாலும் இரண்டும் நெருங்காது. நெருக்க வேண்டியது ஸ்க்ரூவின் தலை. தலை முதல் மரத்தை அழுத்த, மரை இரண்டாம் மரத்தை இழுக்க வேண்டும். அதற்கு முதல் மரத்தில் ஸ்க்ரூ தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும்.

8 நம்பர் ஸ்க்ரூவின் தடிமன் சுமார் 4.2 மி.மீ. இதற்கு ரீப்பரில் 4.5 மி.மீ. துளை. பலகையில் வழிகாட்டும் துளை, தேக்கு போன்ற கெட்டி மரமென்றால் 3 மி.மீ., பிளைவுட், பைன் என்றால் 2.5 மி.மீ. 6 நம்பர் ஸ்க்ரூ சுமார் 3.5 மி.மீ.; அதற்கு ரீப்பரில் 4 மி.மீ., பலகையில் 2.5 அல்லது 2 மி.மீ.

சரிசெய்ய: எல்லா ஸ்க்ரூவையும் கழற்றுங்கள். ரீப்பரில் உள்ள துளையை மட்டும் 4.5-க்குப் பெரிதாக்குங்கள். துளையின் இரு வாயிலும் எழும்பியிருக்கும் பிசிறை உளியால் சீவிவிடுங்கள். இந்தப் பிசிறே சில சமயம் அரை மில்லி இடைவெளிக்குக் காரணம். பலகையைச் சட்டத்தோடு சி கிளாம்ப் போட்டு நெருக்கி, அதன் பிறகே ஸ்க்ரூவை ஏற்றுங்கள். கிளாம்பைக் கழற்றிய பின்னும் கோடு மூடியே இருக்க வேண்டும்.

கிளாம்ப் போட்டும் ஓர் இடத்தில் மட்டும் கோடு மூடவில்லை என்றால் சட்டத்தின் மேல்விளிம்பு மட்டமில்லை. ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி விளிம்பின்மேல் வைத்து வெளிச்சம் தெரியும் இடத்தைக் குறித்து, மேடான பகுதியை இழைப்புளியால் சீவுங்கள். பள்ளத்தை ஸ்க்ரூவின் பலத்தால் மூட நினைக்கக் கூடாது. பலகை அந்த வடிவத்துக்கே வளைந்து நிற்கும், மேலே வைத்த பென்சில் உருண்டு ஓடும்.

இந்த இடைவெளி அழகுக்குறை மட்டும் இல்லை. 5 மில்லிக்கு மேல் 12 மில்லிக்குள் இருக்கும் சந்து பிள்ளையின் விரல் நுழைந்து சிக்கிக்கொள்ளும் அளவு. எழுதுபலகைக்கும் மேசைக்கும் நடுவே, புத்தகத் தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே எங்கே சந்து விட்டாலும் 5 மில்லிக்குக் குறைவாக விடுங்கள், அல்லது 12 மில்லியைத் தாண்டி விடுங்கள்.

ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை

துளைக்குள் இருந்த மர நார் அறுந்துவிட்டது. வழிகாட்டும் துளை பெரிதாகப் போனது, டிரில்லால் அளவுக்கு மீறி முடுக்கியது, ஒரே துளையில் பலமுறை கழற்றி மாட்டியது என்பவை காரணங்கள். அதே துளையில் இன்னும் தடித்த ஸ்க்ரூ போடுவது எளிதாகத் தெரியும். இந்த மெல்லிய பலகைகளில் அடுத்த முறை பிளவில் முடியும் வழி அது.

கெட்டி மரத்திலும் பிளைவுட்டின் முகத்திலும் சிறிய தேய்மானம் என்றால், மூங்கில் குச்சியைச் சீவி வெள்ளைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் இறுக்கமாகத் திணித்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டி, வழிகாட்டும் துளையைப் புதிதாகப் போடுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே ஸ்க்ரூவை ஏற்றினால் குச்சி நகர்ந்துவிடும்.

காலின் நுனியில், அதாவது நார் வெட்டுப்பட்ட முகத்தில், ஸ்க்ரூ போட்டிருந்தால் பிடிப்பு தொடக்கத்திலிருந்தே குறைவு. நாரின் ஓட்டத்தோடு போகும் மரை நாரைக் குறுக்கே கடிப்பதில்லை, பிரித்துக்கொண்டு போகிறது. அதே துளையில் குச்சி திணித்தாலும் குச்சியின் நாரும் அதே திசையில்தான் ஓடும். காலின் பக்கவாட்டிலிருந்து, ஸ்க்ரூ போகும் பாதையைக் குறுக்கே வெட்டும்படி 8 மி.மீ. துளை போட்டு, 8 மி.மீ. உருளைக் குச்சியைப் பசையோடு அடித்து இறக்குங்கள். காய்ந்த பின் மேலிருந்து துளை போட்டால் ஸ்க்ரூ அந்தக் குச்சியின் நாரைக் குறுக்கே கடித்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் நுனிமரத்தில் இதைவிட நம்பகமான பழுதுநீக்கம் கிடையாது.

மரத்தூளையோ மரநாரையோ பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டிலும் முகத்தில் பிடிப்பு உண்டு, விளிம்பில் மிகக் குறைவு. விளிம்பில் கெட்டுப்போன துளையை விட்டு 30 மில்லியாவது தள்ளிப் புதுத் துளை போடுங்கள். சாதாரண மர ஸ்க்ரூவுக்குப் பதிலாக இத்தகைய போர்டுக்கென்றே வரும் தடித்த கன்ஃபர்மட் ஸ்க்ரூவை வாங்குங்கள். 7 × 50 மி.மீ. அளவுக்கு விளிம்பில் 5 மி.மீ. துளை, முதல் போர்டில் 7 மி.மீ. துளை. முகத்தில் தளர்ந்த துளையென்றால், தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்த வெள்ளைப் பசையை உள்ளே சொட்டுச் சொட்டாக ஊற்றி, நன்றாகக் காய்ந்த பின் திரும்ப மெல்லிய துளை போட்டு ஏற்றுங்கள்.

அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டிய பலகை, உதாரணமாக ஒரு பக்கம் கரும்பலகையும் மறுபக்கம் வெள்ளைப்பலகையுமாகத் திருப்பிப் போடுவது, மர ஸ்க்ரூவில் நிற்கவே நிற்காது. அதற்கு டி-நட்டும் (மரத்தில் பதியும் பற்களுள்ள நட்டு) 6 மி.மீ. தடிமனான எம்6 போல்ட்டும் போடுங்கள். 8 மி.மீ. துளை போட்டு, போல்ட் இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து டி-நட்டை அடித்து இறக்க வேண்டும். போல்ட் நுழையும் பக்கமே டி-நட்டை வைத்தால் முதல் இறுக்கத்திலேயே அது பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

மேற்பரப்பில் ஸ்க்ரூ முனை எட்டிப் பார்க்கிறது, அல்லது மைக்காவில் பரு

கணக்கு தப்பியிருக்கிறது. ரீப்பர் 20, பலகை 18, ஆக 38 மி.மீ. கடையில் முதலில் கையில் கிடைக்கும் ஒன்றரை இன்ச் ஸ்க்ரூவும் 38 மி.மீ.தான். தலை கொஞ்சம் உள்ளே அமர்ந்ததும் முனை பலகையைத் தாண்டி மைக்காவைக் கீழிருந்து தூக்கிவிடுகிறது. விரலால் தடவினால் சிறு மேடாகத் தெரியும். சில வாரத்தில் அந்த இடத்தில் மைக்கா வெடிக்கும். வெளியே வருவது கூரிய இரும்பு முனை.

18 மி.மீ. பலகைக்கு ஒன்றேகால் இன்ச், அதாவது 32 மி.மீ. ஸ்க்ரூ. பலகைக்குள் 12 மி.மீ. போகும், மேலே 6 மி.மீ. மிஞ்சும். 12 மி.மீ. பலகையில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மொத்தம் 32 மி.மீ.; ஒன்றேகால் இன்ச் முனை மேலே வந்துவிடும், ஒரு இன்ச் ஸ்க்ரூ 5 மி.மீ. மட்டுமே உள்ளே போய்ப் பிடிப்பில்லாமல் நிற்கும். ரீப்பரின் அடியில் தலை முழுதாக இறங்கும் அகலத்தில் 4 மி.மீ. ஆழக் குழி போட்டு ஒரு இன்ச் ஸ்க்ரூவை ஏற்றினால் பலகைக்குள் 9 மி.மீ. போகும், மேலே 3 மி.மீ. மிஞ்சும். இதுவே சரியான நடுவழி. பலகையின் கனத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஸ்க்ரூ போகக் கூடாது என்பதை வைத்துக்கொண்டு மற்ற கனங்களுக்கும் கணக்குப் போடலாம்.

டிரில் பிட்டிலும் அதே ஆழத்தில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். ஸ்க்ரூ சரியான நீளமாக இருந்தும் பிட் மேலே வந்து மைக்காவைத் துளைத்த மேசைகள் உண்டு.

வெளியே வந்த முனையை அரத்தால் ராவி மழுப்பிவிட்டு அப்படியே விடக் கூடாது. மரம் சுருங்கும்போது அது திரும்பத் தலைதூக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி நீளம் குறைந்ததை மாற்றுங்கள். மேலே உண்டான ஓட்டையை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் சமப்படுத்துங்கள். மைக்கா வெடித்திருந்தால் அந்தத் துண்டை மாற்றுவதே நல்லது, உடைந்த மைக்காவின் விளிம்பு பிளேடுபோல் அறுக்கும்.

சட்டமோ ரீப்பரோ பிளந்துவிட்டது

ஸ்க்ரூ நுனிக்கு மிக அருகில் போயிருக்கும், அல்லது வழிகாட்டும் துளை இருந்திருக்காது. 8 நம்பர் ஸ்க்ரூவை மரத்தின் நுனியிலிருந்து 40 மி.மீ. தள்ளிப் போடுங்கள். ஒரே நார்க்கோட்டில் இரண்டு ஸ்க்ரூ வரிசையாக வரும்போது ஒன்றை ஒன்று சில மில்லி ஏற்ற இறக்கமாக வையுங்கள், பிளவு ஒரே கோட்டில் ஓடாது.

பிளவு புதியதென்றால் ஸ்க்ரூவைக் கழற்றி, பிளவை உளி முனையால் இலேசாகத் திறந்து, மெல்லிய அட்டையால் பசையை உள்ளே தள்ளி, கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். அதே துளையைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பிளவு முழு நீளத்துக்கும் ஓடிவிட்டால் ரீப்பரை மாற்றுவது ஒட்டுவதைவிடச் சீக்கிரம் முடியும் வேலை. காலே பிளந்திருந்தால் ஒட்டி ஒப்பேற்ற வேண்டாம், அந்தக் காலின்மேல் ஒரு பிள்ளை ஏறி நிற்கப் போகிறது.

முடுக்கும்போது ஸ்க்ரூவின் தலை ஒடிந்தது

ஜிப்சம் போர்டுக்கான கறுப்பு ஸ்க்ரூவை மரவேலைக்குப் போட்டால் இப்படித்தான். அது கடினப்படுத்திய, எளிதில் முறியும் இரும்பு. பக்கவாட்டு விசையைத் தாங்காது. பிள்ளைகள் சாமானில் அதைத் தவிருங்கள். பித்தளை ஸ்க்ரூ என்றால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி மரையை உண்டாக்கிவிட்டு, பிறகு பித்தளையை மெழுகு தடவி ஏற்றுங்கள். கடலோர ஊர்களில் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ வாங்குவது நல்லது. துரு ஏறிய ஸ்க்ரூவைக் கழற்றும்போதும் தலை இதேபோல் ஒடியும்.

பலகை வில்லாக வளைந்துவிட்டது, அல்லது விரிசல் விட்டது

பலகை எதனால் ஆனது என்பதைப் பொறுத்து இதற்கு இரண்டு வேறு காரணங்கள்.

பிளைவுட், எம்.டி.எஃப். என்றால் மேல்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டியிருப்பார்கள், அல்லது மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்திருப்பார்கள். மூடிய பக்கம் காற்றின் ஈரத்தை வாங்காது, திறந்த பக்கம் வாங்கும், காயும். இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் பலகை வளைகிறது. 12 மி.மீ. பலகையில் இது கண்ணுக்குத் தெரியும், 18-இல் குறைவு. மேலே 1 மி.மீ. மைக்கா என்றால் அடியிலும் விலை குறைந்த 0.8 மி.மீ. லைனர் மைக்கா ஒட்ட வேண்டும். 9 மி.மீ. எம்.டி.எஃப்.-இல் கரும்பலகைப் பெயின்ட் அடித்தால் பின்பக்கமும் விளிம்புகளும் அதே எண்ணிக்கைப் பூச்சு வாங்க வேண்டும். கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பார்கள். தண்ணீர் வழிந்து இறங்குவது கீழ்விளிம்பில். அடைக்காத எம்.டி.எஃப். விளிம்பு ஒருமுறை ஊறினால் உப்பும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

வளைந்த பலகையை எதிர்ப்பக்கம் பாரம் வைத்து நேராக்கப் பார்ப்பது வீண். கழற்றி அடிப்பக்கத்துக்கும் மைக்கா ஒட்டி, குறுக்குச் சட்டத்தோடு திரும்பப் பொருத்துங்கள். வளைவு 3 மில்லிக்குள் என்றால் சரியாகிவிடும். அதற்கு மேல் போனால் பலகையை மாற்ற வேண்டும். மாற்றும்போது இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 303-இன் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) தரப் பிளைவுட் வாங்கினால் போதுமானது. ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் வீட்டுக்குள் இருக்கும் மேசைக்குத் தேவையில்லாத செலவு.

கெட்டி மரப் பலகையின் கதை வேறு. தேக்குப் பட்டைகளை ஒட்டி 60 செ.மீ. அகலப் பலகை செய்திருந்தால், சித்திரை வெயிலில் காய்ந்து ஐப்பசி மழையில் ஈரம் வாங்கும்போது மரத்தின் ஈரப்பதம் நான்கு சதவீதம் மாறினாலே அகலம் ஏறத்தாழ நாலரை மில்லி கூடிக் குறையும். நீளவாக்கில் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். தேக்கு இந்த அசைவு குறைந்த மரங்களில் ஒன்று. மற்ற பல மரங்களில் இன்னும் கூடும். நான்கு பக்கமும் ஸ்க்ரூவையும் பசையையும் போட்டுப் பூட்டிவிட்டால் சுருங்க வழியில்லாமல் மரம் தன்னையே கிழித்துக்கொள்ளும். விரிசல் ஒட்டுக்கோட்டிலோ நாரோட்டத்திலோ நேராக ஓடியிருந்தால் காரணம் இதுதான்.

கெட்டி மரப் பலகைக்குப் பசை போடவே கூடாது. பலகையின் அகலத்துக்கு நடுக்கோட்டில் வரும் ஸ்க்ரூக்களை மட்டும் வட்டத் துளையில் இறுக்குங்கள். மற்ற இடங்களில் ரீப்பர் துளையை 5 மி.மீ. அகலமும் 10 முதல் 12 மி.மீ. நீளமுமாக, பலகையின் நாருக்குக் குறுக்கே நீளும்படி நீட்டிக்கொள்ளுங்கள். இரண்டு துளையை ஒட்டி ஒட்டிப் போட்டு நடுவை உளியால் எடுத்தால் ஆயிற்று. தட்டையான அடியுள்ள தலை, கீழே வாஷர், இறுக்கி முடித்து கால் சுற்றுத் தளர்வு. நடுவில் பூட்டியிருப்பதால் பக்கத்துக்கு இரண்டேகால் மில்லிதான் நகரும், இந்த நீளம் தாராளம். பழைய விரிசலை அடைப்பதானால் துளைகளை நீட்டிய பின், மரம் தானாகத் தளர்ந்து நிற்கும் நிலையில் அடையுங்கள். பூட்டியபடி அடைத்தால் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும்.

பசை போட்டும் ரீப்பர் கழன்று வருகிறது

ஒட்டிய முகத்தைப் பாருங்கள். பசை ஒரு பக்கம் முழுதாகக் கண்ணாடிபோல் இருந்து, மறுபக்கம் மரம் சுத்தமாக இருந்தால் பசை மரத்துக்குள் ஊறவே இல்லை. பாலிஷ் அல்லது பெயின்ட் மேலேயே ஒட்டியிருக்கலாம். வெறும் மரம் தெரியும்வரை தேயுங்கள். தேக்கில் இயற்கையான எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் உடனே ஒட்டுங்கள். முந்தின நாளே துடைத்து வைத்தால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும். மைக்காவின் பளபளப்பான முகத்தில் வெள்ளைப் பசை பிடிக்காது, அங்கே ஸ்க்ரூதான் வழி.

எழுதுபலகை நடுங்குகிறது, முன்னால் சாய்கிறது

இந்த ஒன்றை ஒத்திப்போடாதீர்கள். 60 × 90 செ.மீ. அளவில் 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகை ஏறத்தாழ 5 கிலோ. சாய்ந்தால் விழுவது பிள்ளையின் முகத்தின்மேல்.

பெரும்பாலும் மேற்பலகையின் பின்விளிம்பில் எல் வடிவ இரும்பு ஆங்கிள் இரண்டு அடித்து அதன்மேல் எழுதுபலகையை நிறுத்தியிருப்பார்கள். நெம்புகோல் கணக்கைப் பாருங்கள். பலகையின் மேல்விளிம்பு, பிடிப்பிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பிள்ளை அதை 5 கிலோ விசையில் இழுத்தால், 5 செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு ஸ்க்ரூவில் ஏறுவது சுமார் 60 கிலோ. பிளைவுட் முகத்தில் பத்துப் பன்னிரண்டு மில்லி இறங்கிய ஸ்க்ரூ அதைப் பலமுறை தாங்காது. அதே இழுப்பு, 15 செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு போல்ட்டில் சுமார் 20 கிலோவாகக் குறைகிறது.

எனவே ஆங்கிளைக் கழற்றிவிட்டு, 20 × 45 மி.மீ. மரத்தில் இரண்டு நிமிர்ந்த சட்டங்கள் வெட்டி, பின்னங்கால்களின் பின்முகத்தோடு 25 செ.மீ. ஆவது கீழிறங்கும்படி சேருங்கள். ஒவ்வொன்றிலும் எம்6 போல்ட் இரண்டு, குறைந்தது 15 செ.மீ. இடைவெளியில், இரு பக்கமும் வாஷர். நட்டு வெளிப்பக்கம், அதாவது சுவர்ப்பக்கம் வரட்டும். நைலான் பூட்டுள்ள நட்டு என்றால் தானாகத் தளராது. எழுதுபலகையை இந்தச் சட்டங்களின்மேல் பக்கத்துக்கு மூன்று ஸ்க்ரூவாகப் பின்னாலிருந்து பிடியுங்கள். அலுமினிய ஃப்ரேம் போட்ட வெள்ளைப்பலகை என்றால் முகத்தைத் துளைக்காமல் மூலைகளில் உள்ள துளை வழியாகப் பொருத்துங்கள். அதிகம் இறுக்கினால் மூலை நெளிந்து முகம் அலையடிக்கும். தலை தொட்டதும் நிறுத்தி விடுங்கள்.

போல்ட் எவ்வளவு இறுகினாலும் மேசையே சாயலாம். எழுதுபலகையின் மேல்விளிம்பைப் பிடித்துப் பிள்ளை முன்னால் இழுத்தால் பின்னங்கால்கள் தரையை விட்டு எழும்பும். நிமிர்ந்த சட்டங்களின் மேல்முனையில் ஆளுக்கொரு ஆங்கிள் வைத்துச் சுவரோடு கட்டுங்கள். பூசிய செங்கல் சுவரில் 8 மி.மீ. வால் பிளக், 50 மி.மீ. ஸ்க்ரூ. பூச்சே 12 முதல் 15 மி.மீ. இருக்கும், அதில் பிடிப்பு கிடையாது, செங்கலுக்குள் மீதி முழுவதும் போக வேண்டும். துளைக்கும் முன் பக்கத்தில் உள்ள சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காந்தப்பலகை வைத்திருக்கும் வீட்டில் பட்டன் அளவுக் காந்தங்கள் வேண்டாம். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போடும்.

பலகை மாட்டிய பிறகு ஒரு கால் தரையில் படவில்லை

மாட்டுமுன் நான்கு காலும் பட்டனவா? பட்டன என்றால் பலகையின் முறுக்கு சட்டத்தை இழுத்திருக்கிறது. எல்லா ஸ்க்ரூவையும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். கால் தரையில் பட்டுவிட்டால், எந்த மூலையில் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே சந்து திறக்கிறதோ அங்கே மைக்காத் துண்டைச் செருகி, மூலைக்கு மூலை எதிர்ப்புறமாக மாறி மாறி இறுக்குங்கள். அப்போதும் ஆடினால் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். 2 மில்லிக்கு மேல் வித்தியாசம் என்றால் சட்டமே கோணல். நீண்ட காலை அறுப்பது கடைசி வழி.

விளிம்பும் பூச்சும்

மூலைகளை 15 முதல் 20 மி.மீ. ஆரத்தில் உருட்டுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை மூலையில் வைத்துக் கோடு போட்டால் போதிய வளைவு கிடைக்காது. 30 முதல் 40 மி.மீ. விட்டமுள்ள வட்ட மூடி ஒன்றை வைத்துப் போடுங்கள். பி.வி.சி. விளிம்புப் பட்டை கழன்றிருந்தால் துண்டாக ஒட்டாமல் அந்தப் பக்கம் முழுதையும் உரித்துப் புதிதாக ஒட்டுங்கள். பாதி கழன்ற பட்டை பிள்ளை வாய்க்குத்தான் போகும். ஸ்க்ரூ தலையை மூடும் பிளாஸ்டிக் மூடிகளும் அப்படியே. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில் அவற்றைப் போடாமல் மரக்குச்சியால் அடைத்துச் சமமாகச் சீவிவிடுங்கள்.

பழைய மேசையைத் தேய்க்கும் முன் அதன் பெயின்ட் எப்போது அடித்தது என்று விசாரியுங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) இருக்க வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டு விதி 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாக உப்புத்தாளால் தேய்த்தால் தூள் காற்றில் பரவும், தரையில் தவழும் பிள்ளைக்கு அது நேராகக் கேடு. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் ஈரமாகத் தேயுங்கள், வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு. தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் மேசையைத் தலைகீழாகத் திருப்பி, பழைய நைலான் சாக்ஸ் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு அடிப்பக்கம் முழுதும், சட்டத்தின் உள்விளிம்பும் சேர்த்துத் தடவுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே சிலாம்போ ஸ்க்ரூ முனையோ இருக்கிறது. பிள்ளைகளின் முழங்காலும் விரலும் போகும் இடம் அந்த அடிப்பக்கம்தான். ஒரு மாதம் கழித்து எல்லா ஸ்க்ரூவையும் கை டிரைவரால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை. கால் சுற்றுக்கு மேல் போகும் ஸ்க்ரூ எதுவோ அதைக் கழற்றித் துளையைப் பாருங்கள், இறுக்கிவிட்டு நகராதீர்கள்.